புளோரிடாவில் வீடு, ஸ்காபரோவில் வரிக்கணக்கு

வரிக்கணக்குச் செய்பவரிடம் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. போகும்போதாவது சிரிக்கவைத்து அனுப்புவதுதான் எங்கள் தொழில் சாமர்த்தியம். கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் என் அலுவலகம் இருக்கிறது. கீழே சாப்பாட்டுக் கடை. கொத்து ரொட்டி கொத்தும் சத்தம் கேட்டால் மத்தியானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். அலுவலகத்தில் நானும் சேவியர் அண்ணையும்தான். சேவியர் அண்ணை மன்னார்க்காரர், நன்றாக வேலை செய்பவர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

எங்கள் சனத்துக்கு வீடு வாங்குவது என்றால் ஒரு விசர். பக்கத்து ஊர்களான அஜக்ஸிலும் பிக்கரிங்கிலும் விலை எட்டாத உயரத்துக்குப் போனதும் சிலர் எல்லை தாண்டி அமெரிக்காவின் புளோரிடாவில் வாங்கத் தொடங்கினார்கள். அங்கே மாநில வருமான வரி கிடையாது. உண்மைதான். அந்த ஒரு வசனத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, மிச்சத்தைக் கேளாமல் விட்டவர்கள்தான் இப்போது என் மேசைக்கு முன்னால் இருக்கிறார்கள். வாடகை வீடு வைத்திருந்து தலையிடி பிடித்தவர்களே, அவர்களின் கணக்கைச் செய்து தலையிடி பிடித்த என் இனத்தவரே, வாருங்கள், ஆளுக்காள் ஆறுதல் சொல்லிக்கொள்வோம்.

வரி இல்லாத ஊர்

யோகராசா அண்ணை அஜக்ஸில் இருப்பவர். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் உழைத்து உழைத்து இளைப்பாறும் வயதுக்கு வந்துவிட்டார். மார்க்கம் நகரில் ஒரு விருந்து மண்டபத்தில் யாரோ ஒரு வீட்டு ஏஜென்ற் கூட்டம் வைத்து, ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பாடும் போட்டு, புளோரிடா வீடுகளைத் திரையில் காட்டியிருக்கிறார். சாப்பிட்டு முடிவதற்கிடையில் அண்ணை மனதளவில் வீடு வாங்கிவிட்டார். பிறகு உண்மையாகவும் வாங்கினார். அங்குள்ள ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கும் விட்டார். மனைவி மனோகரி அக்காவின் நச்சரிப்புத் தாங்காமல்தான் என்னிடம் வந்தார். "சும்மா ஒருக்கா கேட்டிட்டுப் போவம் எண்டு வந்தனான்" என்று சொல்லிக்கொண்டே கதிரையில் இருந்தார்.

நான் விளக்கினேன். வரி வேண்டாம் என்றது மாநிலம். மாநிலத்துக்கு மேலே வாஷிங்டன் இருக்கிறது. வாடகை அமெரிக்க மண்ணில் கிடைப்பதால் முதற்கணக்கு அவர்களுக்கு. செலவுகளைக் கழித்து மிச்சத்துக்கு வரி கட்டுகிறேன் என்று முறைப்படி அறிவிக்காவிட்டால், செலவே பார்க்காமல் மொத்த வாடகையிலும் ஒரு பெரிய துண்டை வெட்டுவார்கள். நீங்கள் இருப்பது கனடாவில் என்பதால் உலகத்தில் எந்த மூலையில் உழைத்தாலும் ஒட்டாவாவுக்கும் சொல்லவேண்டும். அங்கே கட்டியதை இங்கே கழித்துத் தருவார்கள். இலாபம் வராவிட்டாலும் கணக்குக் காட்டத்தான் வேண்டும். வைத்தியர் இரத்தப் பரிசோதனை முடிவை வாசிக்கும்போது கேட்பதுபோல அண்ணை ஆடாமல் அசையாமல் கேட்டார். கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப அந்த ஏஜென்ற் ரக்ஸ் இல்லை எண்டு சொன்னது ஆருக்கு, பிள்ளை?"

பால் காய்ச்சிய செலவு

அடுத்த முறை அண்ணை ஒரு பை நிறையப் பற்றுச்சீட்டுகளோடு வந்தார். வாடகை வீட்டுச் செலவுகளைக் கழிக்கலாம் என்று நான் சொன்னதை அவர் மிக நன்றாக விளங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக் காப்புறுதி, சொத்து வரி, புல்லு வெட்டியவருக்குக் கொடுத்தது எல்லாம் சரி. அதற்குக் கீழே ஒரு விமானச் சீட்டு இருந்தது. ஐயருடைய சீட்டு.

வாடகைக்கு விடும் வீடாக இருந்தாலும் பால் காய்ச்சாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது அண்ணையின் கொள்கை. புளோரிடாவிலும் ஐயர்மார் இருக்கிறார்களே என்று கேட்டேன். அவர்கள் மந்திரத்தை அவசரமாகச் சொல்லி முடிப்பார்களாம். ஆகையால் ஸ்காபரோவிலிருந்தே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஐயர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஓமப்புகை கூரைக்கு ஏற, எச்சரிக்கை மணி அடிக்க, பால் பொங்கிய அதே நேரத்தில் தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நின்றிருக்கிறது. வீண் அழைப்புக்கென்று தண்டப்பணமும் விதித்துவிட்டார்கள். அந்தத் துண்டும் பைக்குள் இருந்தது. ஐயரையும் கழிக்க முடியாது, தண்டத்தையும் கழிக்க முடியாது என்று சொல்லி இரண்டையும் திருப்பி நீட்டினேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே மனோகரி அக்கா சொன்னார்:

"ஐயருக்குக் குடுத்ததும் செலவில்லை, நெருப்பு அணைக்க வந்தவைக்குக் குடுத்ததும் செலவில்லை எண்டா, உந்தக் கவுண்மேந்துக்கு சாமிப்பயமும் இல்லை, நெருப்புப்பயமும் இல்லைப் போலை கிடக்கு."

அம்மா கொடுத்த நட்சத்திரம்

எல்லாரும் யோகராசா அண்ணை மாதிரி இல்லை. மார்க்கத்தில் கணினி வேலை செய்யும் நிரோஷ் இங்கே பிறந்து வளர்ந்த பெடியன். புளோரிடாக் கடற்கரைப் பக்கம் அடுக்குமாடியில் ஒரு கொண்டோ வாங்கி, இணையத்தில் போட்டு, விடுமுறைக்கு வருபவர்களுக்கு நாட்கணக்கில் விடுகிறான். குறுகிய காலத்துக்கு விட்டால் அங்கே விற்பனை வரியும் சுற்றுலா வரியும் உண்டு. "வருமான வரி இல்லாத மாநிலம் என்ன காற்றைக் குடித்தா வாழும்?" என்று நான் கேட்டபோது அவன் சிரித்துவிட்டு, "அன்ரி, ஃபெயர் பொயின்ற்" என்றான். நல்ல பிள்ளை, சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான்.

ஒரு சிக்கல்தான் வந்தது. குளிர் தொடங்கியதும் அவனுடைய அம்மாவும் அப்பாவும் அங்கே போய்த் தங்கிவிடுவார்கள். மகனின் வீடு, காசு கொடுக்கமாட்டார்கள். அந்த நாட்களை வாடகை நாட்களாகக் காட்டமுடியாது, சொந்தப் பாவனை என்று பிரித்து, செலவையும் அந்த அளவுக்குக் குறைக்கவேண்டும் என்றேன். அவன் தலையாட்டினான். ஆனால் முகத்தில் வேறு ஏதோ ஒரு மனக்குறை தெரிந்தது. என்ன தம்பி என்று கேட்டேன்.

"அது ஓகே அன்ரி, பட் அம்மா ஃப்ரீயா நிண்டிட்டு, அப்பான்ர அக்கவுன்ற்ல இருந்து ரிவியூ போட்டிருக்கிறா: த்ரீ ஸ்ரார்ஸ், கிச்சன்ல தாளிக்கிற சட்டி இல்லையாம்."

சும்மா இருக்கிற ஆட்கள்

அடுத்த வருடக் கணக்குக்கு யோகராசா அண்ணை வந்தபோது செலவெல்லாம் இருந்தது, வாடகையைக் காணவில்லை. வாடகைக்காரர் எழும்பிப் போய்விட்டார்களா என்று கேட்டேன். ஓம் என்றார். அப்படியானால் வீடு வெறுமையாகக் கிடக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். "தங்கச்சி ஆக்கள் சும்மா இருக்கினம்."

கதையை மனோகரி அக்காதான் சொன்னார். அண்ணைக்கு ஒரே ஒரு தங்கை, பெயர் வசந்தி. கணவரோடும் மகளோடும் நியூஜெர்சியில் இருந்தவர். கணவருக்கு வேலை போய், அலைந்து திரிந்து, கடைசியில் புளோரிடாவில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு தேடவேண்டாம், என் வீடு இருக்கிறது, போய் இருங்கள் என்று அண்ணை சாவியைக் கொடுத்துவிட்டார். அந்த நேரத்தில் அது பெரிய உதவி, எந்த நல்ல அண்ணனும் செய்வான். இப்போது மச்சானின் வேலை நிலைத்துவிட்டது, வசந்திக்கும் ஒரு வேலை இருக்கிறது. மகள் அங்கேயே உயர்தர வகுப்புப் படிக்கிறாள். அண்ணைக்குத்தான் வேலை முடிகிறது. புளோரிடாக் காப்புறுதி வருடத்துக்கு வருடம் ஏறுகிறது. அவர் நம்பியிருந்தது செலவுகளைக் கழித்து இங்கே வரியைக் குறைப்பதைத்தான்.

அந்த நம்பிக்கையை உடைக்கவேண்டிய வேலை எனக்கு வந்தது. சொந்தக்காரரைச் சும்மா இருக்கவிட்டால் அதை வாடகை வீடு என்று வாஷிங்டனும் ஒப்புக்கொள்ளாது, ஒட்டாவாவும் ஒப்புக்கொள்ளாது. நட்டத்தைக் கழிக்க முடியாது. ஊரில் மற்றவர்கள் கொடுக்கும் வாடகையைத் தங்கையும் கொடுத்தால்தான் கணக்குச் சரிவரும். இல்லையென்றால் ஓய்வூதியத்தில் அந்த வீட்டை வைத்திருக்க அவரால் முடியாது, விற்கத்தான் வேண்டும். விற்றால் தங்கை குடும்பம் எங்கே போகும் என்பதும் அவருக்குத் தெரியும். இவ்வளவையும் நான் எவ்வளவோ பதமாகத்தான் சொன்னேன். அண்ணை எழுந்து நின்றுவிட்டார்.

"கூடப்பிறந்தவளிட்டை வாடகை வாங்கினவன் எண்டு என்ரை செத்தவீட்டிலை நிண்டு கதைப்பாங்கள், பிள்ளை. நான் வீட்டை விக்கிறன்."

ஊறுகாய் யோசனை

விற்கிறேன் என்று போனவர் விற்கவில்லை. வசந்தியின் மகளின் படிப்பு நடுவில் நிற்கிறதே என்ற கவலையில் அவருக்கு நித்திரையே வருவதில்லை என்று மனோகரி அக்கா தொலைபேசியில் சொன்னார். அக்காவுக்கும் சங்கடம். நாத்தனாரிடம் வாடகை கேள் என்று புருஷனைத் தூண்டினால் பழி தன் தலையில் விழும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். கேட்டாலும் குற்றம், கேளாவிட்டால் வீடே போய்விடும். இரண்டு நாட்டுச் சட்டத்தையும் கரைத்துக் குடித்திருக்கிறேன் என்று பெயர், இதற்கு ஒரு வழி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அண்ணை முகம் மலர வந்தார். கையில் ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய். புளோரிடா வீட்டுக் கோடியில் ஒரு மாமரம் நிற்கிறது. வசந்தி அதில் காய்த்ததை ஊறுகாய் போட்டு, ரொறொன்ரோவுக்கு வரும் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். அதற்கு ஒரு விலை போட்டு வாடகை என்று காட்டினால் என்ன என்பது அண்ணையின் யோசனை. மரமும் உங்களுடையது, மாங்காயும் உங்களுடையது, உங்கள் மாங்காயை உங்களுக்கே தருவது வாடகை ஆகுமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் தங்கை வாடகையை வங்கியில் போடட்டும், தான் அதைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அது கள்ளக்கணக்கு, என் கையால் நடக்காது என்றேன். அண்ணையின் முகம் வாடிப்போயிற்று. எனக்கும் மனம் கேட்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சேவியர் அண்ணைக்கோ வாய் கேட்கவில்லை.

"அண்ணை, வாடகையை ஊறுகாயா வாங்கினா, வரியையும் போத்திலிலை ஊத்திக் கட்டலாமோ எண்டு வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் போடட்டே?"

நடு மேசையில் வைத்த தொலைபேசி

வரிக்கணக்குக் கொடுக்கும் தவணை நெருங்கியது. வசந்தி குடும்பம் எந்த மாதம் குடிவந்தது என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அண்ணைக்கு ஞாபகமில்லை. நீயே கேள் என்று தன் தொலைபேசியில் தங்கையை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, என் மேசையில் வைத்தார். வாடகை என்ற சொல் வாயில் வரக்கூடாது என்று கையைக் காட்டி எச்சரித்தார். நானும் ஒழுங்காகக் குடிவந்த மாதத்தை மட்டும் கேட்டேன். வசந்தி சொன்னார். நன்றி சொல்லி வைக்கப் போகையில், இவ்வளவு காலமும் வாயை மூடியிருந்த மனோகரி அக்கா மேசையில் சாய்ந்து, "வசந்தி, சும்மா இருந்தாச் சட்டப்படி பிழையாம். வாடகை எடுக்கவேணுமாம். இல்லாட்டி வீட்டை விக்கவேண்டி வருமாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

யோகராசா அண்ணை தலையில் கையை வைத்துக்கொண்டு, "அவள் சொல்லுறதைக் கேளாதை பிள்ளை, நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று தொலைபேசியைப் பார்த்துக் கெஞ்சினார். பெரிய தொழிற்சாலைச் சத்தத்தில் வேலை செய்தவர், சத்தமாகவே பேசிப் பழகியவர். அன்றைக்குக் குரல் எழும்பவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என் மேசையில் வைத்து ஒரு அண்ணனும் தங்கையும் பிரிந்துபோனால் அந்த மேசையில் நான் எப்படி இருந்து வேலை செய்வது?

வசந்தி பேசத் தொடங்கினார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் அழுகையும் இருந்தது. "ஏன் அண்ணை இதை முதலே சொல்லேல்லை? நானாக் கேட்டா, அண்ணைக்குக் காசு காட்டுறாளோ எண்டு நினைப்பியள் எண்டு பயந்து இருந்தனான். நீங்கள் வாறியள் எண்டா நாங்கள் பெரிய அறையை ஒழிச்சுத் தந்திட்டுச் சின்ன அறைக்குப் போறம். குசினியிலை தண்ணி ஒழுகினா உங்களிட்டைச் சொல்லாமல் வாளி வைக்கிறன். மகளின்ரை படமெல்லாம் நிலத்திலை சாத்தினபடி கிடக்கு. 'உன்ரை அண்ணற்றை வீடு, சுவரிலை கை வையாதை' எண்டு இவர் விடுறேல்லை." மனோகரி அக்கா கண்ணைத் துடைத்தார். சேவியர் அண்ணைகூடப் பகிடி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தங்கை சொன்னார்:

"சும்மா இருக்கிற வீட்டிலை ஒரு ஆணி அடிக்கேலாது, அண்ணை. வாடகை எவ்வளவெண்டு சொல்லுங்கோ, நான் இண்டைக்கே சுத்தியல் வாங்கிறன்."

குறை சொல்லும் வாடகைக்காரர்

அந்தத் தெருவில் அதேமாதிரி வீடுகள் என்ன வாடகைக்குப் போகின்றன என்று பார்த்து, ஒப்பந்தம் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்தார்கள். அண்ணை பேனாவைப் பிடித்தவிதத்தைப் பார்த்தால் காணியைப் பறிகொடுப்பவர் போலிருந்தது. ஆனால் அன்று தொடங்கிக் கணக்குச் சரிவந்துவிட்டது. செலவைக் கழிக்கமுடிந்தது, வீட்டை விற்கும் பேச்சு நின்றது, மகளின் படிப்பும் குழம்பவில்லை.

அடுத்த வசந்தகாலத்தில் இருவரும் வந்தார்கள். யோகராசா அண்ணை கதிரையில் இருக்குமுன்பே முறைப்பாட்டைத் தொடங்கினார். வசந்தி விடாமல் தொலைபேசி எடுக்கிறாராம். குசினிக் குழாயை மாற்றவேண்டுமாம், ஏசி இரைகிறதாம், மாமரத்துக் கொப்பு பக்கத்து வீட்டுக்குள் போகிறதாம், வீட்டுக்காரர் வந்து வெட்டட்டுமாம். போய்ப் பார்ப்போம் என்று இவர்கள் போனால் சின்ன அறையைத்தான் தந்தாராம். ஊறுகாய் கேட்டதற்கு, இந்த முறை மாங்காய் குறைவு என்று கையை விரித்துவிட்டாராம். நான் குழாய்க்காரரின் பற்றுச்சீட்டை வாங்கிச் செலவில் சேர்த்தேன். இது கழியும் அண்ணை, கவலைப்படாதேங்கோ என்றேன். அவர் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு போட்டுக்கொண்டார்.

"சும்மா இருக்கேக்கை, 'ஒரு குறையும் இல்லை அண்ணை' எண்டு மெல்லமாச் சொல்லுவாள், பிள்ளை, இப்ப வாடகையைக் கட்டிப்போட்டு என்னோடை சண்டை பிடிக்கிறாள், சின்னனிலை பிடிச்ச மாதிரி."

இரண்டு நாட்டு வரிச் சட்டம் சேர்ந்து ஒரு தங்கைக்கு அண்ணனோடு சண்டை பிடிக்கும் உரிமையை வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால் எவரும் நம்பப்போவதில்லை என்பதால், அந்தக் கோப்பின் மேல் நான் "கணக்குச் சரி" என்று மட்டும் எழுதிவைத்திருக்கிறேன்.